ஒதுக்கி வைத்த ரேடியோ

அத்தியாயம் 14

காதுக்காரர் வீட்டில் கொஞ்ச நாளாகச் சண்டையே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சண்டை வர வேண்டிய விஷயம் நடந்து முடிந்துவிட்டது. ரேடியோ கம்பெனியின் பரிசோதனை அறையில், செட்டுகளைக் கேட்டுக் கடைசி முடிவு சொல்லும் முதல் நாற்காலி இவருடையது. இரண்டாவது நாற்காலியில் மனைவியின் தம்பி. புதிதாக ஒரே தொகுதியாக வந்த ரேடியோ லாட்டில் பாதி செட்டுகளை மைத்துனன் 'விசில் அடிக்குது' என்று ஒதுக்கி வைத்தான். இவர் அத்தனையையும் எடுத்துக் கேட்டுப் பார்த்தார். ஒன்றிலும் விசில் இல்லை. மேனேஜர், பேக்கிங் பெண்கள், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் நிற்க, "விசில் செட்டுல இல்ல மாப்ள, உன் காதுல இருக்கு" என்றார். கூடி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மறுநாள் மைத்துனனுக்கு வேலை இல்லை.

போன வாரம் இதையெல்லாம் படித்துவிட்டு, அக்காக்காரி புருஷனை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள் என்று காத்திருந்தீர்கள் அல்லவா? அவரும் அப்படித்தான் காத்திருந்தார். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரத்துக்கு டீ வந்தது. சட்டை தேய்த்து வந்தது. பக்கத்துத் துணிக்கடையிலிருந்து வாங்கி வந்த கால்சட்டைகளுக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டு, தலை நிமிராமல் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பதில் அவரிடம் தயாராக இருந்தது. சொந்தக்காரன் என்பதற்காக நல்ல செட்டைக் கெட்டது என்று எழுத முடியுமா? வேலையில் நியாயம் வேண்டாமா? இந்தப் பதிலை அவர் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்லத் தப்பு செய்தவன் மாதிரி இருந்தது. நியாயம் தன் பக்கம் இருக்கிற மனிதனுக்கு எதற்கு இந்தக் குற்ற உணர்ச்சி என்று அவருக்கே எரிச்சலாக வந்தது.

விடுமுறை நாள் காலையில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு ரேடியோவை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"என்னப்பா அது?" என்றாள் மகள். கல்லூரியில் படிக்கிற பெண். வாய் கொஞ்சம் நீளம்.

"உன் மாமா ஒதுக்கி வச்ச செட்டு. நீங்களே கேட்டுப் பாருங்க. அப்புறம் யாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"நான் மூஞ்சியைத் தூக்கலையே" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"அதான் சொல்றேன். தூக்கவும் இல்ல, பேசவும் இல்ல."

கையில் அடங்குகிற சின்ன ரேடியோ. விலையும் அப்படியே, ஆசைப்பட்டால் யாரும் வாங்கிவிடலாம். முகப்பில் சிவப்பு முள், பக்கத்தில் அதை நகர்த்தும் திருகு, தலையில் இழுத்தால் நீளும் ஏரியல். இதைச் சோதிப்பதற்குக் காதுக்காரரிடம் ஒரு முறை உண்டு. முதலில் முழு பேட்டரியில் கேட்பார், பிறகு பாதி தீர்ந்த பேட்டரியில். உள்ளூர் ஸ்டேஷனை வைத்து மார்க் போட மாட்டார். அது தகர டப்பாவில்கூடக் கேட்கும். மீடியம் வேவில் தூரத்து ஸ்டேஷன் ஒன்றைப் பிடித்து, சத்தத்தைக் குறைத்து, செட்டை மேஜையிலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திருப்புவார். எந்தப் பக்கம் நிலையம் தெளிகிறது, எந்தப் பக்கம் மங்குகிறது என்று கவனிப்பார். பாட்டை நம்ப மாட்டார். பாட்டு ஆளை ஏமாற்றும், பேச்சு ஏமாற்றாது என்பார். செய்தி வாசிக்கிறவர் மூச்சு வாங்குவது தெரிந்தால்தான் அவருடைய கையெழுத்து விழும்.

இந்தக் காதை நம்பித்தான் கம்பெனி இத்தனை வருஷம் ஓடியது. ஒலியை அளக்கிற கருவி ஒன்று வாங்கலாம் என்று மேனேஜர் சொன்னபோதுகூட, "நான் இருக்கும்போது அது எதுக்கு சார்?" என்று தடுத்தவர் இவர்தான். அந்த நாளிலிருந்துதான் காதுக்காரர் என்ற பெயர் நிலைத்தது.

இப்போதும் அதே முறையில் தூரத்து ஸ்டேஷனைப் பிடித்தார். ஒரு பெண் வானிலை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி? கண்ணாடி மாதிரி இருக்கா?"

மகள் முகத்தைச் சுளித்தாள். "ஐயோ, என்னப்பா இது, ஊசி குத்துற மாதிரி ஒரு சத்தம்."

"எங்க?"

"அந்தம்மா பேசறதுக்குப் பின்னாடியே வருதே. உய்ய்ய்னு."

மனைவி தைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"உனக்கும் கேக்குதோ?" என்றார் அவளைப் பார்த்து. குரலில் கிண்டல் இருந்தது. தம்பிக்குப் பரிந்து பேசத்தான் போகிறாள் என்ற நினைப்பு.

"கேக்குது" என்றாள் சின்னக் குரலில்.

"சரிதான். மாமனும் மருமகளும், அக்காளும் தம்பியும். நல்லா பேசி வச்சிருக்கீங்க."

மகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சமையலறை ஜன்னலில் அதே மாதிரி இன்னொரு ரேடியோ இருந்தது. பழைய லாட், பிரச்சினை இல்லாதது. அதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "அம்மா, நீங்க சுவர்ப் பக்கம் திரும்பி உக்காருங்க. நான் மாத்தி மாத்திப் போடறேன். எது மாமா ஒதுக்கினதுன்னு சொல்லுங்க."

மனைவி திரும்பி உட்கார்ந்தாள். மகள் ஒன்றை நிறுத்தி இன்னொன்றைப் போட்டாள். ஒதுக்கி வைத்த செட்டு ஒலிக்கிற ஒவ்வொரு முறையும் மனைவியின் கை தயங்கித் தயங்கி மேலே போயிற்று. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

காதுக்காரர் எழுந்தார். "தள்ளு. நான் சொல்றேன்."

காலண்டரைப் பார்த்தபடி நின்றார். பின்னால் திருகு சொடுக்கும் ஓசை கேட்டது. வானிலைப் பெண்ணின் குரல் வந்தது. சுத்தமாக இருந்தது.

"நல்லது" என்றார்.

மறுபடி சொடுக்கு. மறுபடி அதே குரல். "இது அவன் ஒதுக்கினது."

இன்னொரு சொடுக்கு. "நல்லது." இன்னொன்று. "இது மோசம். இதுல கொஞ்சம் இரைச்சல் இருக்கு, ஒத்துக்கறேன்."

அடுத்த சொடுக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தார். எந்தத் தேர்விலும் மார்க்கைக் கூச்சல் போட்டுச் சொல்கிற மகள், மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை சரி?"

"விடுங்கப்பா."

"சொல்லுன்னா சொல்லேன்."

"எல்லாமே மாமா ஒதுக்கினதுதான்பா. அதையேதான் நிறுத்தி நிறுத்திப் போட்டேன். நல்லதை நான் போடவே இல்லை."

அவர் மேஜை அருகே வந்து ரேடியோவை எடுத்துக் காதோடு ஒட்டி வைத்தார். வலது காது. இடது காது. வானிலைப் பெண் முடித்து, யாரோ விவசாயம் பற்றிப் பேசினார்கள். பேச்சு மட்டும்தான் இருந்தது. மகள் சொன்ன ஊசி எங்கேயும் இல்லை.

பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். கீழே தெருவில் யாரோ சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன காய்ச்சலின்போது வாயில் வைத்த எலக்ட்ரானிக் தெர்மாமீட்டர் கத்திக் கத்தி ஓய்ந்த பிறகும், அது இன்னும் கத்தவில்லையே என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். மகளின் கைக்கடிகார அலாரத்தில் தெருவே எழுந்துகொள்ளும், இவர் மட்டும் எழுந்ததில்லை. ஆழ்ந்த தூக்கம் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்.

காது போய்விட்டது என்று புரிந்ததும் அவருக்கு முதலில் தோன்றியது அந்த முதல் நாற்காலிதான். அது போய்விடுமே என்றுதான் முதலில் பதறினார். மைத்துனன் அதற்குப் பிறகுதான் வந்தான். அந்த வரிசையை நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு பையனை, உண்மையைச் சொன்ன ஒரே காரணத்துக்காக, நாலு பேர் சிரிக்க வெளியே தள்ளிவிட்டோமே!

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குச் சில சத்தம் கேக்கறதில்லன்னு. ரொம்ப நாளாவே தெரியும். காலிங் பெல் அடிச்சா நான் முந்திப் போய்த் திறப்பேன். போன் அடிச்சா எடுத்துக் கையில குடுப்பேன். உங்களுக்கே தெரியாம சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். காதுக்காரர்னு ஊரே கூப்பிடுது, அதைப் போய் எப்படிச் சொல்றது?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"தம்பிக்கு வேலை போச்சுன்னு நீங்க வந்து சொன்ன அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு. அப்பவும் வாயைத் திறக்கல. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்களைத் திட்டறது?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். வந்துருவான். சொல்லிருங்க. அவ்வளவுதான்."

மைத்துனன் வந்தபோது கையில் ஒரு பழப்பை இருந்தது. வேலை போனவன் எதற்குப் பழம் வாங்கி வருகிறான் என்று யாரும் கேட்கவில்லை. ஷேவ் செய்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று எப்போதும் போலச் சிரித்தான். காதுக்காரர் பதிலுக்குத் தலையை ஆட்டிவைத்தார். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். சொல்லிவிடலாம், குழம்பு ஊற்றட்டும். சொல்லிவிடலாம், தண்ணீர் குடித்துக்கொள்ளட்டும். இப்படியே சாப்பாடு முடிந்துவிட்டது.

கை கழுவி வந்த மைத்துனன் மேஜை ஓரத்தில் இருந்த ரேடியோவைப் பார்த்தான்.

"அந்த லாட்தானே மாமா?"

பழக்க தோஷம், போட்டான். தூரத்து ஸ்டேஷனைப் பிடித்தான். சத்தத்தைக் குறைத்தான். ஒரு நிமிஷம் கேட்டான். பிறகு நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான்.

"என்னடா அது?" என்றாள் அக்கா.

"காதுக்குக்கா. டாக்டரைப் பார்த்தேன். காதுக்குள்ள விசில் கேக்குதுன்னு சொன்னேன். எப்பக் கேக்குதுன்னார். ரேடியோ கேட்டாக் கேக்குதுன்னேன். அப்ப ரேடியோ கேக்காதீங்கன்னார்." அவனே சிரித்தான். "அப்புறம் இதை எழுதிக் குடுத்தார். போட்டா தலை கிர்ருனு சுத்துது. விசில் மட்டும் போகலை."

யாரும் சிரிக்கவில்லை. அவன் காதுக்காரரைப் பார்த்தான். "நீங்க அன்னைக்குச் சொன்னதுனாலதான் மாமா போய்க் காட்டினேன். இல்லன்னா நான்பாட்டுக்கு நல்ல செட்டை எல்லாம் தள்ளிக்கிட்டே இருந்திருப்பேன். கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம்! ஒரு வகையில உங்களுக்கு நான் நன்றிதான் சொல்லணும்."

அவன் குத்திக்காட்டிப் பேசவில்லை. அந்த மாதிரிப் பேச அவனுக்குத் தெரியாது. காதுக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

"மாப்ள, அந்த மாத்திரையைக் கீழ வை."

"ஏன் மாமா?"

"நான்... இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். அதுல லேசா விசில் இருக்கத்தான் செய்யுது."

சொன்னது உண்மை. சொன்ன விதம் பொய். மனைவி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

மைத்துனன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "நெஜமாவா? உங்களுக்கும் கேக்குதா மாமா?"

"கேக்குது."

"அக்காவுக்காகச் சொல்லலையே?"

"சேச்சே."

"இருங்க, இருங்க." அவன் பரபரவென்று ரேடியோவைத் திரும்பப் போட்டான். மேஜை நடுவில் வைத்து மெல்லத் திருப்பினான். "எனக்கு ஒரு பக்கம் திருப்பினா விசில் குறையுது, இன்னொரு பக்கம் ஏறுது. அதுவும் என் பிரமைன்னு நெனைச்சேன். நான் திருப்பறேன், நீங்க சொல்லுங்க. உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

மகள் "அப்பா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

ரேடியோ திரும்பியது. காதுக்காரருக்கு ஒரு ஆள் உரம் பற்றிப் பேசுவது மட்டும் கேட்டது. எதிரே மைத்துனன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பக் குறைஞ்சிருச்சு" என்றார் குத்துமதிப்பாக.

மைத்துனனின் கை அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். "இப்ப?"

"இப்ப ஏறுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மெதுவாக ரேடியோவை நிறுத்தினான். "எனக்கு அப்படியே தலைகீழாக் கேக்குது மாமா" என்றான். "அப்ப என் காதுலதான் ஏதோ பெருசா இருக்கு." கீழே வைத்த மாத்திரை அட்டையைத் திரும்ப எடுத்தான்.

ஒரு பொய் சொல்லித் தன் காதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார். அது இரண்டாவது முறையாக அவனுடைய காதைத்தான் பறித்தது. காதுக்காரர் கை நீட்டி அந்த அட்டையைப் பிடித்தார்.

"எனக்குக் கேக்கல மாப்ள."

"என்ன மாமா?"

"விசில் எனக்குக் கேக்கவே இல்ல. இப்பச் சும்மா அடிச்சு விட்டேன். இவங்க ரெண்டு பேருக்கும் கேக்குது, உனக்குக் கேக்குது. எனக்குத்தான் கேக்கல. காது உனக்குப் போகலை. எனக்குத்தான் போயிருச்சு."

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அக்காவைப் பார்த்தான். மருமகளைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அன்னைக்கும் கேக்கலையா?"

"அன்னைக்கும்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா. எனக்குக் கேக்கலையே, எங்கடா கேக்குது, காட்டுன்னு. நான் காட்டியிருப்பேனே."

"கேட்டிருக்கணும்."

"அத்தனை பேர் சிரிச்சாங்க."

"நான்தான் சிரிக்க வச்சேன். என்னை மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை மாப்ள."

அவன் பதில் சொல்லுமுன் காதுக்காரரின் போன் மேஜையில் அதிர்ந்தது. மனைவி எடுத்துப் பார்த்து அவர் கையில் கொடுத்தாள். மேனேஜர்.

"காலையில லோடு கிளம்புது. அந்த லாட்டும் சேர்ந்துதான் போகுது. எதுக்கும் உங்க வாயால ஒரு தடவை ஓகே வாங்கிக்கலாம்னு."

காதுக்காரர் எழுந்து நின்றுகொண்டார். "அனுப்பாதீங்க சார். அதுல விசில் இருக்கு."

"என்ன சார் விளையாடறீங்க? நீங்கதானே இல்லன்னீங்க?"

"எனக்குக் கேக்கல சார். அதான் இல்லன்னேன். என் காது சரியில்ல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பையன் ஒதுக்கினதுதான் சரி. இதை நாளைக்கு எல்லார் முன்னாடியும் வந்து சொல்றேன்."

மேனேஜர் வறண்ட குரலில் பேசினார். காதுக்காரர் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டார்.

"உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றார்" என்றார் போனை வைத்துவிட்டு. "முதல் நாற்காலியில உன்னை உக்காரச் சொல்றார். என் விஷயம் அப்புறம் பேசிக்கலாமாம். நீ காலையில வந்துரு மாப்ள. நானே பக்கத்துல நின்னு எல்லாருக்கும் சொல்றேன்."

வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு ஒரு கணம் மூச்சு இலேசானது. மைத்துனன் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினான்.

"நான் வரலை மாமா."

"ஏன்டா?" என்றாள் அக்கா.

"செட்டை எடுத்தா முதல்ல சந்தேகம் என் மேலதான்கா வருது. தெருவுல போறப்ப ஹார்ன் சத்தம் கேட்டாக்கூட, நெஜமாவே கேக்குதான்னு நின்னு யோசிக்கிறேன். அந்த ரூமுல உக்காந்து நான் எதைக் கேட்டு எதைச் சொல்றது? மாமாவுக்குக் காது போனதை டாக்டர்கிட்டக் காட்டலாம். எனக்குப் போனதை யார்கிட்டக் காட்டறது?" அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். "மாமாவுக்கு மட்டும்தான் தெரியாதா? வீட்ல யாருக்குமே தெரியாதாக்கா?"

மனைவியின் உதடு அசைந்தது. காதுக்காரர் முந்திக்கொண்டார். "யாருக்கும் தெரியாது மாப்ள. எனக்கே தெரியாதே."

மைத்துனன் அக்காவை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் படியிறங்கிப் போய்விட்டான்.

காதுக்காரர் வாசலுக்கு ஓடினார். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். அவன் தெருவாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான். "மாப்ள!" என்று கத்தினார். "காலையில வருவியா மாட்டியா? அதையாவது சொல்லிட்டுப் போ!"

அவன் நின்றான். நிமிர்ந்து பார்த்தான். அவன் வாய் அசைவது தெரிந்தது. அதே நேரத்தில் தெருவில் ஒரு வண்டி கிளம்பியது. அவன் போய்விட்டான்.

காதுக்காரர் திரும்பினார். மனைவி அவர் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். சுவரோடு சாய்ந்திருந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"என்ன சொன்னான்?" என்றார். "எனக்குக் கேக்கல. உனக்குக் கேட்டுச்சா?"

அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. அவன் பேசியது அவளிடம்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.